தனி ஆள் ஓட்ட பாய்ப்படகு: 30 அடியா 36 அடியா, எந்தக் கயிறு எங்கே வரணும்?

தனியோட்டம்:
வணக்கம். பெரும்பாலும் கரையோரமாக 2, 3 நாள் பயணம், எப்போதாவது ஒரு வாரம் ஆழ்கடல். கூட ஆள் கிடையாது. இரண்டு படகுகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 30 அடி, டில்லர் (சுக்கானைத் திருப்பும் தடி), 7/8 ஸ்லூப் (மாஸ்ட் என்ற பாய்மரம் ஒன்று, பின்னே மெயின் பாய், முன்னே ஜிப் பாய்; முன்கம்பி மாஸ்டின் 7/8 உயரத்தில்), 105 சதவீத ஜிப் (சதவீதம், மூக்கிலிருந்து மாஸ்ட் வரையிலான இடத்தோடு ஒப்பிட்ட பாயின் அளவு). இன்னொன்று 36 அடி, வீல், மாஸ்ட்ஹெட் ஸ்லூப் (முன்கம்பி மாஸ்ட் உச்சியில்), 140 சதவீத ஜெனோவா (மாஸ்டைத் தாண்டிப் பின்னே வரும் பெரிய முன்பாய்). பெரியதில் வசதி அதிகம், கடலில் ஆட்டமும் குறைவு என்கிறார்கள். எதை எடுப்பது? எடுத்த பிறகு ரீஃப் கயிறு (பலத்த காற்றில் பாயைச் சிறிதாக்குவது), ஹாலியார்ட் (பாயை ஏற்றும் கயிறு) எல்லாவற்றையும், ஓட்டுபவர் உட்காரும் காக்பிட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா, மாஸ்டிலேயே விட்டுவிடலாமா? ஆட்டோபைலட் (மின்சாரத்தில் தானே ஓட்டுவது) போதுமா, விண்ட்வேன் (காற்றுத் தகட்டால் தானே ஓட்டுவது) வேண்டுமா?

சுக்கான்பிடி:
நீளத்தைப் பார்த்து ஏமாறாதீங்க. 30-க்கும் 36-க்கும் நடுவில் 6 அடிதான், ஆனால் எடை நீளத்தின் கனமடங்கில் ஏறும். 1.2 × 1.2 × 1.2 போட்டுப் பாருங்க, 1.73 வரும். ஒரே மாதிரி வடிவம் என்றால் எடை முக்கால் பங்கு கூடிவிட்டது. நங்கூரம், சங்கிலி, படகுத்துறையில் கையால் தள்ளி நிறுத்துவது எல்லாமே அந்தக் கணக்கில்தான் கனக்கும்.

பாயின் இழுப்பையும் கணக்குப் போடலாம். ஜிப் ஷீட்டில் (ஜிப்பை இழுத்துப் பிடிக்கும் கயிறு) வரும் சுமைக்கு ஒரு தோராய சூத்திரம் உண்டு: பாயின் பரப்பு (சதுர மீட்டர்) × காற்று வேகத்தின் வர்க்கம் (நாட்) × 0.021 = கிலோ. 30 அடியில் ஜிப் 19 ச.மீ. என்று வையுங்க. 20 நாட் காற்றில் 19 × 400 × 0.021, கிட்டத்தட்ட 160 கிலோ. அந்த 36 அடியின் 140 சதவீத ஜெனோவா 42 ச.மீ. அளவு இருக்கும், அதே காற்றில் 350 கிலோ. அந்தக் காற்றில் முழு ஜெனோவாவை யாரும் வைத்திருக்க மாட்டாங்க, சரி. அப்படியென்றால் அதைச் சுருட்டுகிற வேலை சீக்கிரமே வந்துவிடுகிறது என்று அர்த்தம். காற்று 15 நாட்டிலிருந்து 21 ஆனாலே சுமை இரண்டு மடங்கு.

அதைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொரு முறை டாக் பண்ணும்போதும் (மூக்கைக் காற்றின் ஊடாகத் திருப்பும்போது) 140 சதவீதப் பாய் மாஸ்டைச் சுற்றி, ஷ்ரௌடுகளை (மாஸ்டைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகள்) உரசிக்கொண்டு வரணும். வந்த பிறகு 3, 4 மீட்டர் ஷீட்டை விஞ்சில் (கயிறு இழுக்கும் உருளை) அரைக்கணும். 105 சதவீத ஜிப்பில் படகு காற்றைத் தாண்டும் நேரத்தில் கையாலேயே முக்கால்வாசி இழுத்துவிடலாம்.

அலைவாய்:
நீளம் தடை என்பதை நான் ஏற்கவில்லை. 2009-10இல் திலீப் டோண்டே தனியாக உலகைச் சுற்றிய மாதேய் 56 அடிப் படகு. 2012-13இல் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் சுற்றிவந்ததும் அதே படகில்தான். 56 அடியை ஒருவர் ஓட்ட முடியும் என்றால் 36 அடியில் என்ன சிக்கல்?

சுக்கான்பிடி:
முடியும்தான். அவர்கள் இருவரும் கடற்படை அதிகாரிகள், அந்தப் பயணத்துக்கென்றே தயாரித்த படகு. அதோடு, நிற்காமல் உலகைச் சுற்றுகிறவர் துறையில் கட்டுவது ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை. தனியோட்டம் வாரா வாரம் கட்டணும். பெரிய படகு தனி ஆளைச் சோதிப்பது நடுக்கடலில் இல்லை, பக்கவாட்டுக் காற்றில் துறைக்குள் நுழையும்போது.

தனி ஆளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தின் இன்றைய விதியைப் பாருங்க: 32 முதல் 36 அடி, நீள கீல் (படகின் அடியில் உள்ள கனமான தகடு), சுக்கான் கீலோடு ஒட்டி, 1988-க்கு முந்தைய வடிவமைப்பு. உலகைச் சுற்ற அந்த அளவு போதும் என்று இருக்கும்போது 3 நாள் பயணத்துக்கு 30 அடி சின்னது இல்லை.

படகைப் பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்க. டில்லரைப் பிடித்து உட்காருங்க. எழுந்திருக்காமல் ஜிப் ஷீட் விஞ்ச் எட்டுதா? மெயின் ஷீட் எட்டுதா? டிராவலர் (மெயின் ஷீட்டைப் பக்கவாட்டில் நகர்த்தும் தண்டவாளம்), ஃபர்லர் (ஜிப்பைச் சுருட்டும் கருவி) கயிறு, இன்ஜின் திராட்டில், ஆட்டோபைலட் பொத்தான்? நிறைய 36 அடிகளில் வீலுக்குப் பின்னால் நின்றால் மெயின் ஷீட் கேபின் கூரைமேல், 2 மீட்டர் முன்னால் இருக்கும். திடீர் வீச்சு வந்து படகு சாயும்போது அந்த 2 மீட்டர் ரொம்ப தூரம். டில்லரில் இன்னொரு லாபம், முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் விஞ்ச் சுற்றலாம்.

உப்புக்காற்று:
ஸ்லூப்பைத் தவிர வேறு ரிக் (மாஸ்ட், பாய் அமைப்பு) யாரும் பேசவில்லையே. 1960இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் ஹாஸ்லர் கொண்டுபோன ஜெஸ்டர் என்ற படகு 25 அடி ஃபோக்போட் வகைதான், சீனத்து ஜங்க் பாய் போட்டது. ரீஃப் பண்ண ஹாலியார்டைத் தளர்த்தினால் பலகைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் மடிந்துவிடும். டெக்குக்குப் போகவே வேண்டாம்.

கம்பிக்காரர்:
ஜங்க் பாய் தனி ஆளுக்கு அருமை, மறுப்பில்லை. ஆனால் காற்றை எதிர்த்து ஏறுவதில் பின்தங்கும். இருக்கிற ஸ்லூப்பை ஜங்க்காக மாற்றுவது என்றால் தாங்குகம்பி இல்லாத மாஸ்ட், அதைத் தாங்க டெக்கில் வலு என்று வேலை பெரியது. கெட்ச்சில் (இரண்டு மாஸ்ட் படகு) பாய்கள் சின்னதாகப் பிரியும், ஆனால் 30 அடியில் இரண்டாவது மாஸ்டுக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. இவர் கேட்ட 7/8 ஸ்லூப்புக்கே வருவோம். ரீஃப் விஷயம்தான் இந்த இழையில் முக்கியம், அதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எதைச் செய்யக்கூடாது. ஹாலியார்டை மட்டும் காக்பிட்டுக்குக் கொண்டுவந்து, பாயின் முன்மூலை வளையத்தை மாட்டும் கொக்கியை மாஸ்டிலேயே விடுவார்கள். பாதி இங்கே, பாதி அங்கே. தனி ஆளுக்கு இதைவிட மோசமான அமைப்பு கிடையாது. ஹாலியார்டை இறக்க இங்கே, வளையத்தை மாட்ட அங்கே, மறுபடி ஹாலியார்டை இறுக்க இங்கே. நீங்கள் நடந்து திரும்புவதற்குள் வளையம் கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். ஒன்று எல்லாமே மாஸ்டில், இல்லையென்றால் எல்லாமே காக்பிட்டில்.

காக்பிட் என்றால் ஒரே கயிறா, இரண்டு கயிறா? ஒரே கயிற்றில் முன்மூலை, பின்மூலை இரண்டையும் இழுப்பது கேட்க நன்றாக இருக்கும். இரண்டாவது ரீஃப் 2.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் பின்மூலையில் கயிறு ஏறி இறங்குவதால் 5 மீட்டர், முன்மூலையிலும் அதேபோல் 5 மீட்டர். மொத்தம் 10 மீட்டர் ஈரக் கயிறு காக்பிட் தரையில் விழும். 6, 7 இடத்தில் திரும்பி வருவதால் உராய்வு கூடி, முன்மூலை வந்து சேர்ந்தும் பின்மூலை பாதியிலேயே நிற்கும். முதல் ரீஃபுக்கு ஒரே கயிறு பரவாயில்லை. இரண்டாவதுக்கு முன்மூலைக்கு ஒன்று, பின்மூலைக்கு ஒன்று என்று தனித்தனிக் கயிறே சரி.

தனித்தனிக் கயிற்றில் வரிசை இது:

1. ஆட்டோபைலட்டை காற்றுக்கு 50-60 பாகையில் போடுங்கள். ஜிப் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கட்டும், படகு நின்றுவிட்டால் பைலட் திசை இழக்கும்.
2. வாங்கைத் (மெயின் பாயின் அடித்தண்டான பூமைக் கீழே இழுத்துப் பிடிப்பது) தளர்த்துங்கள். பூமைத் தாங்கும் ரிஜிட் வாங் இல்லையென்றால் டாப்பிங் லிஃப்டை (பூமை மேலிருந்து தாங்கும் கயிறு) ஒரு சாண் ஏற்றுங்கள். மறந்தால் பூம் நேராகக் காக்பிட்டுக்குள் வரும்.
3. மெயின் ஷீட்டை, பாய் படபடக்கும்வரை விடுங்கள்.
4. ஹாலியார்டை விஞ்சில் சுற்றி, கயிற்றைப் பூட்டும் கிளட்ச்சைத் திறந்து, அடையாளம் வரும்வரை இறக்குங்கள்.
5. முன்மூலைக் கயிற்றைக் கையால் முழுக்க இழுத்துப் பூட்டுங்கள்.
6. ஹாலியார்டை இறுக்குங்கள். முன்விளிம்பில் நெடுக ஒரு மடிப்பு தெரியும்வரை.
7. பின்மூலைக் கயிற்றை விஞ்சில், பாயின் அடிப்பகுதி பலகைபோல் ஆகும்வரை.
8. டாப்பிங் லிஃப்டைத் தளர்த்தி, ஷீட்டை இழுத்து, வாங்கை மாட்டுங்கள்.

ஆறுக்கு முன்னால் ஏழைச் செய்தால் முன்விளிம்பின் மொத்தச் சுமையும் ஒரு வளையத்தில் விழும், பாய் அங்கே கிழியும். ஏழின்போது மெயின் ஷீட் இறுகியிருந்தாலும் அதே கதி.

நாலாவதில் சொன்ன அடையாளத்தை மை பேனாவால் போடாதீர்கள். மெழுகு நூலால் ஹாலியார்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தைத்துவிடுங்கள். முதல் ரீஃபுக்கு ஒரு சுற்று, இரண்டாவதுக்கு இரண்டு சுற்று, இடையில் ஒரு விரல் இடைவெளி. இருட்டில், மழையில், விளக்கில்லாமல் விரலே சொல்லும்.

நீரோட்டம்:
கம்பிக்காரர் சொன்னதெல்லாம் கப்பிகள் ஒழுங்காக ஓடும்போது. எதிர்வாதம் வைக்கிறேன். மாஸ்டில் ஹாலியார்ட், விஞ்ச், கொக்கி மூன்றும் ஒரே கை தூரத்தில். உராய்வு கிடையாது, பாய் எங்கே சிக்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். காக்பிட் அமைப்பில் பேட்டன் (பாயை விறைக்கும் பட்டை) லேஸி ஜாக்கில் (இறங்கும் பாயைத் தாங்கும் கயிறுகள்) மாட்டினாலும், ஸ்லைடு (பாயை மாஸ்டில் ஓட்டும் துண்டு) பிதுங்கி நின்றாலும், கடைசியில் மாஸ்டுக்குப் போகத்தான் வேண்டும். அதுவும் காற்று இன்னும் ஏறிய பிறகு, போய்ப் பழக்கமே இல்லாமல். மாஸ்டின் இருபுறமும் இடுப்பளவுக் குழாய் வளையம் போட்டு, அங்கே ஒரு மீட்டர் டெதரை (உடலோடு கட்டும் பாதுகாப்பு வார்) மாட்டிக்கொண்டு நின்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

கம்பிக்காரர்:
நியாயமான வாதம். 36 அடி என்றால் உங்கள் பக்கம் சாய்வேன், டெக் அகலம் உண்டு, கால் வைக்க இடம் உண்டு. 30 அடியில் மாஸ்டருகே நிற்கும் ஆளின் எடையே படகின் சமநிலையைக் கெடுக்கும், மூக்கு அமுங்கும். அதனால் காக்பிட்டுக்கு என் வாக்கு. ஆனால் அரைகுறையாகச் செய்யக்கூடாது:

மாஸ்ட் அடியில் கப்பியைச் சும்மா டெக்கில் திருகி வைக்காதீர்கள். ஹாலியார்டில் 300 கிலோ இழுப்பு என்றால் 90 பாகை திருப்பும் கப்பியில் 1.41 மடங்கு, 424 கிலோ. அதில் நேர் மேலாக டெக்கைப் பிடுங்கும் பங்கே 300 கிலோ. மூன்று ஹாலியார்டுக்குச் சேர்த்துப் பாருங்கள். டெக் மேலெழும்பி, கேபினுக்குள் கதவு இறுகுவது இப்படித்தான். மாஸ்டின் அடித்தட்டிலேயே கப்பிகளை மாட்ட வேண்டும். முடியாவிட்டால் டெக்குக்குக் கீழே கம்பியால் கீழ்த்தளத்தோடு பிணைக்க வேண்டும்.

பின்னால் கொண்டுவருவதால் ஹாலியார்ட் 3, 4 மீட்டர் நீளும், அதே அளவுக்கு நீட்சியும் கூடும். சாதா பாலியெஸ்டரை அங்கே விடாதீர்கள், டைனீமா (அதிகம் நீளாத செயற்கை இழை) உள்ளிழை உள்ளது, 8 அல்லது 10 மி.மீ. கிளட்ச் எந்தத் தடிமனுக்கு என்று அதிலேயே பொறித்திருக்கும். 8 முதல் 10 என்று போட்ட கிளட்ச்சில் 8 மி.மீ. சில நேரம் வழுக்கும்.

பின்மூலைக் கயிறு பூமில் கட்டும் இடமும் முக்கியம். வளையம் இறங்கி நிற்கும் இடத்துக்கு நேர் கீழே கட்டினால் பாயைக் கீழே இழுக்கும், பின்னால் இழுக்காது. ஒரு 5 செ.மீ. பின்னால் தள்ளிக் கட்டுங்கள்.

இன்னொன்று. தனி ஆளுக்கு மூன்று சின்ன ரீஃப் வேண்டாம், இரண்டு ஆழமான ரீஃப் போதும். கயிறு குறைவு, வேலையும் குறைவு.

தனியோட்டம்:
நன்றி. ஜிப் ஃபர்லர் சில நேரம் சுற்ற மறுக்கும் என்கிறார்களே, விஞ்சில் போட்டு இழுக்கலாமா?

கம்பிக்காரர்:
கூடாது. ஃபர்லர் கையால் சுற்ற வேண்டிய பொருள். இறுகினால் ஏதோ சிக்கியிருக்கிறது. விஞ்ச் அந்தச் சிக்கலை உடைக்கும், கூடவே ஃபோர்ஸ்டேயையும் (மாஸ்டை முன்னால் தாங்கும் கம்பி) உடைக்கலாம்.

பெரும்பாலும் காரணம் மேலே, ஹாலியார்ட் ஃபாயிலைச் (ஃபோர்ஸ்டேயை மூடிச் சுழலும் குழாய்) சுற்றிக்கொள்வது. மேல் சுழலிக்கும் மாஸ்டுக்கும் நடுவில் ஹாலியார்ட் ஃபோர்ஸ்டேக்கு இணையாக ஓடக்கூடாது, சுமார் 10 பாகை பின்பக்கம் விலகி இருக்க வேண்டும். அப்போதுதான் சுழலியின் மேல்பாதி சுற்றாமல் நிற்கும். பழைய, நீளம் குறைந்த ஜிப்பை மாட்டினால் சுழலி கீழேயே நின்றுவிடும், கோணம் போய்விடும். பாயின் உச்சிக்கும் சுழலிக்கும் நடுவில் தேவையான நீளத்துக்கு ஒரு டைனீமாத் துண்டு போட்டு சுழலியை மேலே ஏற்றினால் சரியாகிவிடும். ஹாலியார்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் சுழலி சுற்றாது.

இரண்டாவது காரணம் கீழே, ஃபர்லர் கயிறு சுற்றும் டிரம்மில். பாயை விரிக்கும்போது ஃபர்லர் கயிற்றைக் கையில் லேசாகப் பிடித்துக்கொண்டே விட வேண்டும். சும்மா விட்டால் டிரம்மில் தளர்வாகச் சுற்றி, மேல் சுற்று கீழ் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். பாய் முழுக்கச் சுருண்ட பிறகும் டிரம்மில் 3, 4 சுற்று மிச்சம் இருக்க வேண்டும். பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும், அதற்குக் கூடுதல் சுற்று வேண்டும்.

உப்புக்காற்று:
ஸ்டியரிங் கேள்விக்கு வருகிறேன். டில்லர் பைலட் மலிவு, எளிது. சராசரியாக 1 ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 24 ஆம்பியர்-மணி, ஒரு நல்ல சோலார் பலகை சமாளிக்கும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எடை வரம்பை நம்பி வாங்காதீர்கள். படகின் எடையோடு தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் சேர்த்து, அதற்கு மேல் 20 சதவீதம் கூட்டி, அந்த அளவுக்கு வாங்குங்கள். அலை பின்பக்கக் கோணத்திலிருந்து தள்ளும்போது சின்ன பைலட் திணறும். மழை நீர் உள்ளே போவதும் அதன் பழைய நோய்.

ஒரு வாரப் பயணம் என்றால் விண்ட்வேன். மின்சாரம் வேண்டாம், காற்று ஏற ஏற அதன் பலமும் ஏறும். பின்காற்றில், காற்று மெலிந்தால் சோர்ந்துவிடும். இன்ஜினில் ஓடும்போது உதவாது. அதற்கு ஒரு வழி: வேனின் தகட்டைக் கழற்றிவிட்டு அங்கே சின்ன டில்லர் பைலட்டை இணைக்கலாம். பைலட், தகடு செய்த வேலையை மட்டும் செய்யும், சுக்கானை இழுக்கும் பளுவை நீரிலுள்ள துடுப்பு பார்த்துக்கொள்ளும். மின்சாரமும் மிகக் குறைவாகச் செலவாகும்.

வேனிலிருந்து டில்லருக்கு வரும் கயிறுகளில் தொய்வு இருக்கவே கூடாது, இருந்தால் படகு பாம்புபோல் வளைந்து ஓடும். டில்லரில் ஒரு சங்கிலித் துண்டு, அதில் ஒரு கண்ணி முன்னே பின்னே மாற்றி மாட்டினால் சமன் கிடைக்கும். வேன் காற்றைப் பார்த்து ஓட்டுகிறது, திசையை அல்ல. காற்று 40 பாகை திரும்பினால் படகும் சத்தமில்லாமல் 40 பாகை திரும்பும். திசை விலகல் அலாரம் கட்டாயம்.

எதை மாட்டினாலும் முதலில் படகு சமனாக இருக்க வேண்டும். சுக்கான் 5 பாகைக்கு மேல் திரும்பியே இருந்தால் பாய் அதிகம் என்று அர்த்தம். டிராவலரை இறக்குங்கள், மெயினை ரீஃப் பண்ணுங்கள். பைலட்டைக் குறை சொல்லும் பாதிப்பேர் உண்மையில் ரீஃப் பண்ணாதவர்கள்.

அலைவாய்:
தூக்கம்? 20 நிமிட அலாரம் போதுமா?

சுக்கான்பிடி:
முதலில் சட்டம்: கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5-ஆவது, எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. தனி ஆள் தூங்கினால் அந்த நேரம் விதி மீறல்தான், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

20 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பாருங்க. 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் மாஸ்ட் விளக்கு 6 கடல் மைலுக்குத் தெரியணும் என்பது விதி. கப்பல் 18 நாட், எதிரே நீங்க 6 நாட். நெருங்கும் வேகம் 24. ஆறு மைல் 15 நிமிடத்தில் முடிந்துவிடும். அதாவது 20 நிமிடமே அதிகம். ஏ.ஐ.எஸ். கருவி (கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் அறிவிப்பது), அனுப்பவும் பெறவும் செய்வது, அலாரம் ஒலி தலைமாட்டில். மீன்பிடிப் படகுகளில் பலவற்றில் ஏ.ஐ.எஸ். கிடையாது, அதனால் கரையோரப் பாதையில் தூங்கக் கணக்குப் போடாதீங்க. தூங்குவது கரையிலிருந்தும் கப்பல் பாதையிலிருந்தும் விலகிய பிறகு.

நீரோட்டம்:
விழாமல் இருப்பது பற்றி யாரும் எழுதவில்லை. 5 நாட் என்பது நொடிக்கு 2.5 மீட்டர். விழுந்து 10 நொடியில் படகு 25 மீட்டர் போயிருக்கும், பைலட் அதை இன்னும் நேராக ஓட்டிக்கொண்டிருக்கும். பின்னால் கயிறு இழுத்துவிடுவது மன ஆறுதல், அந்த வேகத்தில் கயிற்றைப் பிடித்து ஏற முடியாது.

ஜாக்ஸ்டே (டெதரை மாட்ட டெக்கில் நெடுகக் கட்டுவது) தட்டை நாடாவாக இருக்கட்டும், பாலியெஸ்டர் அல்லது டைனீமா, 2 டன்னுக்குக் குறையாத வலு. நைலான் வேண்டாம், நனைந்தால் நீளும். எஃகுக் கம்பி காலுக்கடியில் உருளும். டெக் ஓரத்தில் போடாமல் முடிந்தவரை நடுவில் போடுங்கள். டெதர் இரண்டு கால், ஒன்று 1 மீட்டர், ஒன்று 2 மீட்டர். முன்டெக்கில் எப்போதும் குட்டைக் காலே. நீளக் காலோடு விழுந்தால் படகோடு இழுபட்டு, தலை நீருக்குள் போகும். வெயில் நாடாவைத் தின்னும், பயணம் இல்லாதபோது கழற்றி உள்ளே வையுங்கள்.

ஏணியை நீரிலிருந்தே இழுத்து இறக்க முடிகிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். மேலே கொக்கி போட்டுப் பூட்டிய ஏணி தனி ஆளுக்கு அலங்காரம்.

சுக்கான்பிடி:
துறையில் கட்டுவது பற்றி ஒரே வரி: நடு கிளீட்டிலிருந்து (கயிறு கட்டும் கொம்பு) ஒரு கயிறு, புரொப்பெல்லரை எட்டாத நீளம். அதோடு இறங்கி, துறையில் கொஞ்சம் பின்னால் உள்ள கிளீட்டில் மாட்டி, இன்ஜினை மெதுவாக முன் கியரில் விட்டு, டில்லரைத் துறைப் பக்கம் தள்ளிக் கட்டினால் படகு ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்ற கயிறுகளை நிதானமாகக் கட்டலாம்.

தனியோட்டம்:
30 அடி என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று. ஷ்ரௌட் இறுக்கம் சரியா என்று அளவுமானி இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

கம்பிக்காரர்:
2 மீட்டர் அளவுகோல் போதும். 1×19 (19 இழை முறுக்கிய) எஃகுக் கம்பிக்கு, எந்தத் தடிமனாக இருந்தாலும், 2 மீட்டர் நீளத்தில் 1 மி.மீ. நீட்சி என்றால் அறுபடும் சுமையில் 5 சதவீதம்.

டர்ன்பக்கிள்களைக் (கம்பியை இறுக்கும் திருகுகள்) கையால் மட்டும் இறுக்கிய நிலையில் தொடங்குங்கள். அளவுகோலின் மேல்முனையைக் கம்பியோடு டேப் சுற்றி அசையாமல் ஒட்டுங்கள். கீழ்முனை, கம்பி நுழையும் டெர்மினலின் விளிம்பைச் சரியாகத் தொடட்டும். இப்போது இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒரு பக்கம் ஒரு சுற்று, மறுபக்கம் ஒரு சுற்று. கோலின் கீழ்முனைக்கும் டெர்மினலுக்கும் நடுவில் இடைவெளி திறக்கும். 3 மி.மீ. என்றால் 15 சதவீதம், பின்னோக்கி வளைந்த ஸ்பிரெடர் (ஷ்ரௌடை மாஸ்டிலிருந்து விலக்கும் குறுக்குத்தண்டு) உள்ள 7/8 ரிக்கின் மேல் ஷ்ரௌடுக்கு அதுதான் தொடக்கம். மாஸ்ட் தயாரிப்பாளரின் கையேடு வேறு சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். பிறகு 20 பாகை சாய்வில் ஓட்டி, காற்றுக்கு மறுபக்கத்து ஷ்ரௌட் தொளதொளவென்று ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஒவ்வொரு பக்கமும் அரைச் சுற்று கூட்டுங்கள்.

முடிந்ததும் டர்ன்பக்கிளில் பின் போட்டு, முனைகளை 20 பாகை மட்டும் விரியுங்கள். முழுக்க மடக்கினால் அடுத்த முறை கழற்றும்போது ஒடியும்.